அறுபதுகள்ட அமெரிக்கன் கார்: லிங்கனா, கடிலாக்கா? எங்கட பக்கம் கண்ணால கண்ட ஆக்கள் இரிக்கீங்களா?

கல்லடிப்பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். பழைய வாகனம் பத்திக் கதைக்கிற ஆக்கள் இஞ்ச இரிக்கீங்க எண்டு தெரியும், அதான் கேக்கன். எனக்குக் கொஞ்ச நாளா 1960கள்ள வந்த அமெரிக்கன் சொகுசுக் கார் விசர் பிடிச்சிரிக்கி, கடிலாக், லிங்கன், இம்பீரியல் இப்பிடி. ராவில கடையப் பூட்டிட்டு வந்து சாப்பிட்டுட்டு போனக் கையில எடுத்தா 1961 லிங்கன் கொண்டினென்டல் வீடியோதான் ஓடுது. மனிசி ஏசுறா, வீட்ட நிக்கிற அல்டோக்கு முன்சில்லு டயர் மாத்தக் காசில்ல, உங்களுக்கு லிங்கன் கேக்குதா எண்டு. ஞாயமான பேச்சுத்தான், மறுமொழி இல்ல என்னட்ட.

இந்தக் கார ஒருநாளும் தொட்டும் பாக்கல்ல நான், பிறந்ததே அந்தக் காலமெல்லாம் முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு. ஆனா முன் லைட்டில இருந்து பின் லைட் மட்டும் ஒரே கோட்டில போற அந்தப் பக்கத்தையும், பின்கதவு எதிர்ப்பக்கமாத் திறக்கிறதையும் பாத்தா எண்ட வீட்டுச் சாமான ஆரோ கேக்காம வித்துட்ட மாதிரி ஒரு கவல வருது, ஏன் எண்டு விளங்குதில்ல.

கேள்விக்கு வாறன். 1959 கடிலாக்கப் பாத்தீங்களெண்டா பின்பக்கம் ரெண்டு பெரிய செட்டை, அதுக்குள்ள சிவப்பு பல்ப் வேற, திருவிழாத்தான். அந்த நாட்டுக்காரன்தான் ரெண்டு வருசத்தால ஒரு அலங்காரமும் இல்லாத கொண்டினென்டலக் கொண்டாறான். என்ன நடந்தது அதுக்கிடையில? மற்றது இதெல்லாம் உண்மையிலயே நல்ல கார்தானா, இல்லாட்டி போட்டோவுக்கு மட்டும் வடிவா? மட்டக்களப்பு அம்பாறப் பக்கம் இதில ஒண்டாவது ஓடினதா? தெரிஞ்சவங்க எழுதுங்க.

புளியந்தீவு_வாத்தியார்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்றன். 60கள்ட மொடல் ஒண்டும் இஞ்ச எண்ட கண்ணில பட்டதில்ல. அந்த நேரம் அந்நியச் செலாவணி இல்ல எண்டு கவர்மெண்ட் கார் இறக்குமதிய இறுக்கிப் பிடிச்சிட்டு, முந்தி வந்து கிடந்த மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஹில்மன் இதுகளத்தான் பூசி மெழுகி ஓட்டினாங்க. அமெரிக்கன் எண்டா அதுக்கும் முந்தின செவ்ரோலே, பிளிமத் அங்கொண்டும் இங்கொண்டுமா இரிந்தது. எங்கட றோட்டில ஒரு முதலாளிட்ட பழைய செவ்ரோலே ஒண்டு நிண்டது, 1978 சூறாவளிக்கு மாமரம் முறிஞ்சு மேல விழுந்து கூரையும் கண்ணாடியும் போச்சு. பொனட்டுக்கு ஒண்டும் ஆகல்ல, அவ்வளவு தடிச்ச தகரம். மறுகா அந்தப் பொனட்டக் கழட்டி கோழிக்கூட்டுக்கு மேல போட்டாங்க, கனகாலம் கிடந்தது, கோழியெல்லாம் செவ்ரோலேக்குக் கீழதான் படுத்தது.

அப்ப எங்களுக்கு கடிலாக்க எப்பிடித் தெரியும் எண்டா, அமெரிக்கன் பாதர்மாரால. புனித மிக்கேல் கல்லூரிய அந்தக் காலம் நடத்தினது அமெரிக்காட நியூ ஓர்லீன்ஸ் பக்கத்து இயேசு சபைக் குருமார், இப்ப வெபர் மைதானம் எண்டு இரிக்கே, அதும் அதில ஒரு பாதர்ட பேர்தான். அவங்களுக்கு ஊரில இருந்து வாற சஞ்சிகை பழசானா பொடியனுகள்ட கைக்கு வரும். கட்டுரையெல்லாம் ஆர் வாசிச்ச, விளம்பரப் பக்கந்தான் சண்டைபிடிச்சிக் கிழிக்கிறது. வழவழப்பான தாளில ஒரு பக்கம் முழுக்க ஒரு வெள்ளக் கடிலாக், பக்கத்தில கழுத்து நிறைய வைரம் போட்ட ஒரு பொம்புள, கீழ ரெண்டு மூணு வரி எழுத்து, விலை மட்டும் இரிக்காது. அதக் கொப்பிக்கு உறையாப் போடுவம். எண்ட கணக்குக் கொப்பிக்கு கடிலாக், கூட்டாளிட்ட லிங்கன், எதுட நீளம் கூட எண்டு பெரிய வாக்குவாதம் நடக்கும், கணக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் ஓடாது.

இப்ப செட்டைட கதை. கடிலாக்கச் செய்யிற ஜெனரல் மோட்டர்ஸ்ல ஹார்லி ஏர்ல் எண்டு ஒருத்தர்தான் வடிவமைப்புக்குப் பெரியவர், ரெண்டாம் உலக யுத்தத்தில பறந்த பி-38 எண்ட விமானத்திர வாலப் பாத்து மயங்கி 1948 கடிலாக்கில சின்னதா ஒரு செட்டைய வச்சார். மறுகா மற்றக் கம்பெனிக்காரனும் வைக்க, ஆள ஆள் முந்தி முந்தி வளத்து 59ல உச்சிக்குப் போயிட்டு. ஏர்ல் 58 முடிவில ஓய்வுக்குப் போக பில் மிச்சல் வந்தார், அவர் ஒரேயடியா வெட்டல்ல, வருசம் வருசமாக் குறைச்சிக் குறைச்சி 64ல கடைசியா ஒரு அடையாளத்துக்கு மட்டும் விட்டு, 65ல முழுசா எடுத்துட்டார்.

லிங்கன்ட கதை வேற. 58ல இருந்து 60 மட்டும் வந்த லிங்கன் ஒரு மலை, விக்கல்ல, அதச் செய்யிற ஃபோர்டுக்கு நட்டம். அப்ப ஃபோர்டில பெரிய கதிரையில இரிந்தவர் ரொபர்ட் மக்னமாறா, ஓம், பிறகு வியட்நாம் யுத்த நேரம் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளரா இரிந்த அதே ஆள்தான். லிங்கன இழுத்து மூடுவமா எண்டு யோசிச்சிக்கொண்டிரிந்த மனிசன் எல்வுட் ஏங்கல் எண்ட வடிவமைப்பாளர் தண்டர்பேர்ட் எண்ட ஃபோர்ட் காருக்கெண்டு செஞ்சி வச்ச களிமண் மொடலக் கண்டிரிக்கார். இதயே நாலு கதவாக்கி லிங்கன் எண்டு விடுவம் எண்டார். அதுதான் 61 கொண்டினென்டல். முந்தின வருசத்து லிங்கன விட ஒரு அடிக்கு மேல கட்டை. ஆடம்பரக் காரக் குறுக்கிச் செய்யிறதெண்டா அமெரிக்காவில அந்த நேரம் சின்னத் துணிச்சல் இல்ல தம்பி.

பின்கதவு எதிர்ப்பக்கமாத் திறக்கிறதும் அதாலதான். காரக் கட்டையாக்கினதும் பின் சீட்டில இரிந்து இறங்குற ஆள்ட கால் கதவில தட்டுப்பட்டிரிக்கி, கீலப் பின்னுக்கு மாத்தித் தப்பினாங்க. இப்ப எல்லாரும் அதத்தான் ராசகம்பீரம் எண்டு சொல்றீங்க.

அக்கரைப்பத்து_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சேர் எழுதினத ரசிச்சி வாசிச்சன். நான் தொட்டுப் பாத்த ஆள்தான், ஷார்ஜாவில பழைய கார் திருத்துற கராச்சில கனகாலம் வேல செஞ்ச, அரபிமாருக்கு அமெரிக்கன் கார் எண்டா உசிரு, ஆனபடியா லிங்கன், கடிலாக், பியூயிக் ரிவியெரா எல்லாம் கைக்குள்ளால போயிரிக்கி. கல்லடித் தம்பி, நல்ல காரா எண்டு கேட்டீங்க. செஞ்ச விதத்தப் பாத்தா இப்பத்தக் கார் கிட்டயும் நிக்க ஏலா. திருத்துறவன்ட பக்கத்தால பாத்தா லிங்கன் ஒரு தலையிடி. ரெண்டும் மெய்தான்.

61 கொண்டினென்டலுக்கு ஒவ்வொரு எஞ்சினையும் ஃபெக்டரியில மூணு மணித்தியாலம் ஓடவிட்டு, கழட்டிப் பாத்து, திரும்பப் பூட்டித்தான் காருக்குள்ள இறக்கினாங்க. கார் முடிஞ்சா 12 மைல் றோட்டில ஓடிப் பாத்து கிட்டத்தட்ட 200 விசயம் செக் பண்ணணும். அந்தக் காலத்தில ரெண்டு வருசம் இல்லாட்டி 24,000 மைல் வாரண்டி குடுத்தான், மற்ற அமெரிக்கன் கம்பெனி ஒண்டும் அவ்வளவு குடுக்கல்ல. எஞ்சின் 430 கியூபிக் இஞ்ச், எங்கட கணக்குக்கு 7 லீட்டருக்குக் கொஞ்சம் மேல, எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்குப் பிரிச்சிப் பாருங்க, 880 சிசி வரும். சேர் சொன்ன மொறிஸ் மைனர்ல 50கள்ட தொடக்கத்தில வந்ததுக்கு முழு எஞ்சினே 803 சிசிதான்!

தலையிடி எங்க எண்டா சொல்றன். வைப்பர எடுங்க. எல்லாக் காருக்கும் வைப்பருக்கு கரண்ட் மோட்டர் இரிக்கும், இல்லாட்டி பழைய காரா இரிந்தா வக்கூம். இதுக்கு ரெண்டும் இல்ல, பவர் ஸ்டியரிங் பம்ப்ல இருந்து வாற ஒயில் அமுக்கத்திலதான் வைப்பர் ஓடும். ஓடக்குள்ள சத்தமே வராது, வேகத்தயும் விரும்பின அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவு வடிவான வேல. ஆனா ஒரு குழாய் கசிஞ்சுதெண்டா ஸ்டியரிங் ஒயில் முழுக்க ஒழுகி முடிஞ்சிரும், வைப்பரப் பாக்க வந்தவன் ஸ்டியரிங்கயும் சேத்துப் பாக்கணும். இத ஆர் யோசிச்சிக் கண்டுபிடிச்சாங்க எண்டு எங்கட பாலஸ்தீன் ஃபோர்மன் ஒவ்வொரு முறையும் ஏசுவார், அறபியில, எழுத ஏலா இஞ்ச.

கூரை திறக்கிற மொடல் இன்னும் விசேசம். பட்டன அமத்தினா டிக்கி மூடி பின்பக்கமா எழும்பும், கூரை மடிஞ்சு அதுக்குள்ள போகும், மூடி தானா வந்து மூடும். பின்கதவத் திறக்கக்குள்ள கண்ணாடி தானாக் கொஞ்சம் இறங்கிக் குடுக்கும், இல்லாட்டி சிக்கும். இவ்வளவுக்கும் கொம்பியூட்டர் ஒண்டும் இல்ல, ரிலே, சுவிட்ச், ஒயில் பம்ப் மட்டுந்தான். ஒரு சுவிட்ச் பிடிக்கல்லயா, மூடி நட்டுக்கு நிக்க கூரை பாதியில தொங்கும். ஒரு அரபி கலியாணத்துக்குப் போற வழியில அப்பிடி மாட்டுப்பட்டு, வெள்ள உடுப்போட றோட்டில நிண்டு எங்களுக்குக் கோல் எடுத்தார், பாவம். கூரை உள்ள போயிட்டா டிக்கிக்குள்ள ஒரு பேக் வைக்கவும் இடமிரிக்காது. நாலு கதவோட கூரை திறக்கிற இந்த மொடல் 67ஓட நிண்டிட்டு.

கடிலாக் அப்பிடியில்ல, திருத்துறவனுக்கு இரக்கம் காட்டுற கார். 64ல அவன் கொண்டுவந்த ஏசியப் பாருங்க, எத்தின டிகிரி எண்டு ஒருக்கா வச்சா ஹீட்டரும் ஏசியும் தன்ட பாட்டில மாறி அந்தக் குளிர அப்பிடியே பிடிச்சிக்கொண்டு நிக்கும். 64ல! எங்கட வீட்டுக்கு அந்த நேரம் கரண்டே வரல்ல.

பிரேக் பத்தியும் சொல்லணும். 2,200 கிலோவுக்கு மேல பாரமான காருக்கு நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், லிங்கனுக்கு முன் டிஸ்க் வந்ததே 65லதான். ஒருக்கா ரெண்டுதரம் இறுக்கிப் பிடிச்சா சூடேறி பெடல் மிதிபடும், கார் நிக்காது. வடிவப் பாத்து மயங்குற தம்பிமார் இதயும் யோசிக்கணும்.

இங்கினியாகலப்_பேரன்:

எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க, எனக்கு மட்டும் இந்த ஏக்கம் விளங்குதில்ல கா. அடுத்தவன்ட காசுக்கு நாம ஏன் கவலப்படணும்? 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் கியூஆர் காட்டி பெற்றோல் அடிச்சத மறந்துட்டீங்களா, காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். இந்த யான லீட்டருக்கு நாலு, கூடிப்போனா அஞ்சு கிலோமீட்டர் ஓடும். மட்டக்களப்பில இருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பி வந்தா கிழமைக் கோட்டா சரி. அதும் பழைய கல்லடிப் பாலம் இருந்த காலத்தில கடிலாக் ஒண்டு வந்திரிந்தா எப்பிடி இரிந்திரிக்கும், ஆறரை அடிக்கு மேல அகலம், பாலமோ ஒத்த வழி, முன்னால சைக்கிளில வாறவன் வாவிக்குள்ள குதிக்கிறதா?

எங்கட பக்கம் அமெரிக்கன் சாமான் வரல்ல எண்டு நினைக்காதீங்க. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்கு இங்கினியாகலயில அணையக் கட்டினது மொரிசன் நுட்சன் எண்ட அமெரிக்கன் கம்பெனி, 1949ல துவங்கினது. எண்ட மூத்தப்பா அங்க கூலிக்கு நிண்டவர். அவர் சாகுமட்டும் சொன்னது காரப் பத்தியில்ல, மண் அள்ளுற மெசினப் பத்தித்தான். நூறு பேர் நாள் முழுக்க வெட்டுற மண்ண அந்த மெசின் தேத்தண்ணி குடிச்சி முடிக்கிறதுக்குள்ள தள்ளிப்போட்டுரும் எண்டு, பெருப்பிச்சித்தான் சொல்லிரிப்பார், ஆனா சொல்லக்குள்ள முகத்தப் பாக்கணும். அதால கட்டின சேனாநாயக்க சமுத்திரம் எண்ட குளத்துத் தண்ணியிலதான் இண்டைக்கும் வயல் விளையிது. லிங்கனால என்ன விளஞ்ச?

கழுவாஞ்சிக்குடி_மகள்:

பேரன் தம்பி, எல்லாத்துக்கும் நெல்லுக் கணக்குப் பாத்தா கோயிலுக்குத் தேர் எதுக்கு எண்டும் கேக்கலாம்.

எண்ட அப்பா ஹயர் கார் ஓட்டினவர், ஒஸ்டின் ஏ40 சமர்செட், கியர் ஸ்டியரிங்கோட இரிக்கும். கழுவாஞ்சிக்குடியில இருந்து டவுனுக்கு ஆள் ஏத்துறது, எத்தின பேர் எண்டு கணக்கில்ல, பின்னால ஆறு முன்னால நாலு, அப்பா கதவோட ஒட்டிக்கொண்டு அரைச் சீட்டில இரிந்து ஓட்டுவார். காலடியில தகரம் ஓட்ட, மழைக்கு றோட்டுத் தண்ணி மேல அடிக்கும், ஒரு சாக்க மடிச்சிப் போட்டிரிப்பார். அந்தக் காரத்தான் நாங்க உலகத்திலயே பெரிய சாமானெண்டு நினைச்சிக்கொண்டிரிந்த.

மறுகா டொரண்டோவில தங்கச்சி வீட்ட போனப்போ கோடைக்குப் பின்னேரத்தில ஒரு மோல்ட கார் பார்க்கில பழைய கார்க்காரங்க எல்லாரும் கொண்டாந்து நிப்பாட்டுவாங்க, சும்மா நடந்து பாக்கலாம். அங்கதான் 1962 இம்பீரியல் ஒண்டக் கண்டன். நீங்க எல்லாரும் லிங்கன், கடிலாக் எண்டு நிக்கிறீங்க, இத ஆரும் கதைக்கல்ல, அதான் எழுத வந்த. கிரைஸ்லர் கம்பெனிட ஆக உயர்ந்த கார், விக்கிறது மற்ற ரெண்டையும் விடக் குறைவு. முன் லைட் நாலும் உடம்போட ஒட்டாம தனித்தனியாக் கோப்பைக்குள்ள வச்ச கணக்கில நிக்கிது. ஸ்டியரிங் வட்டமில்ல, சதுரத்த முனை மழுக்கின வடிவம். கியருக்குத் தடியே இல்ல, டாஷ்போர்ட்ல இடப்பக்கம் பட்டன் வரிசையா இரிக்கி, ரிவர்ஸ் எண்டா ஒரு பட்டன், ஓட எண்டா ஒரு பட்டன். அந்தக் கிழவர் ஏறி இரிங்க எண்டு விட்டார். கதவ இழுத்தன், என்ன பாரம் எண்டீங்க, ஆனா சாத்தக்குள்ள சத்தம் சின்னதா அடங்கி வருது, தகரம் அடிக்கிற சத்தமே இல்ல. பொழுதுபட்ட பிறகு மீட்டர் லைட்டப் போட்டுக் காட்டினார், பல்ப் இல்லயாம் அதுக்குள்ள, தாள்கணக்கில ஒரு மெல்லிசான சாமானுக்கு கரண்ட் குடுக்க அது முழுக்க ஒரே சீரா பச்சையும் நீலமுமா எரியிது, எழுத்தில ஒரு இடமும் மங்கலில்ல.

அப்பா இரிந்திருந்தா அந்தப் பட்டன் கியரப் பாத்து என்ன சொல்லிரிப்பார் எண்டுதான் யோசிச்சன். ரெண்டு பட்டன் பழுதானா எப்பிடி வீட்ட போற எண்டு கேட்டிரிப்பார், ஹயர் கார்க்காரன்ட மூளை அப்பிடித்தான் வேல செய்யும்.

இன்னொரு விசயம், அங்க கார முட்டி முட்டி உடைக்கிற போட்டி ஒண்டு நடக்கும், கடைசியா ஓடுற கார் வெற்றி. 64, 65, 66 இம்பீரியல கனபோட்டிகள்ள சேக்கவே மாட்டாங்களாம், அடிப்பாகம் அவ்வளவு பலம், மற்றதெல்லாம் நொறுங்க இது நிண்டு ஓடுமாம். அந்த 64 இம்பீரியல வரைஞ்சது ஆர் தெரியுமா, சேர் சொன்ன அதே எல்வுட் ஏங்கல்தான், 61ல ஃபோர்ட விட்டு கிரைஸ்லருக்குப் போயிட்டார். பக்கத்தால பாத்தா கொண்டினென்டல்ட தம்பிதான் அது.

கல்லடிப்பொடியன்:

அக்கா, 62 இம்பீரியல இப்பதான் தேடிப் பாத்தன், அந்த லைட்ட விட்டு கண்ண எடுக்க ஏலாம இரிக்கி, போச்சு இனி இண்டைக்கும் நித்திரை இல்ல. காக்கா, ஒண்டு கேக்கணும், இப்பிடி ஒண்டு வாங்க காசிருக்கு எண்டே வச்சாலும் இஞ்ச வச்சிக்கொள்ள ஏலுமா? எதத் தெரிவு செய்வீங்க?

அக்கரைப்பத்து_காக்கா:

தம்பி, இடப்பக்க ஸ்டியரிங், வயசுபோன வாகனம், ரெண்டுக்கும் இஞ்ச இறக்குமதிக் கதவு மூடித்தான் இரிக்கி, அத விடுங்க. கதைக்கு வந்திரிச்சி எண்டே வச்சாலும் ஷார்ஜாவில காத்து காஞ்ச காத்து, அங்க தகரம் அப்பிடியே கிடக்கும். கல்லடிக் கடக்காத்துக்கு லிங்கன் தாங்காது. அதுக்குத் தனிச் சேசி, கீழ தாங்குற இரும்புச் சட்டம், இல்ல, உடம்பே தகரத்தில பெட்டியா வச்சி வெல்ட் பண்ணினது, உப்பு உள்ளுக்க போனா வெளிய பொலிஷ் மின்னும், கீழ உக்கிப்போயிரும். சேசியில உக்காந்திரிக்கிற கடிலாக் கொஞ்சம் கூட நாளைக்குத் தாங்கும். என்னட்ட விட்டா 65 கடிலாக்தான், செட்டையும் இல்ல, கியர்பொக்ஸ் ஒருநாளும் வஞ்சகம் செய்யா. வடிவுக்கு லிங்கன், ஓட்ட கடிலாக், அவ்வளவுதான்.

இங்கினியாகலப்_பேரன்:

காக்கா, கென்னடிய சுடக்குள்ள இரிந்தது இந்த லிங்கன்லதானே? அந்தக் கார உடைச்சிட்டாங்களா?

புளியந்தீவு_வாத்தியார்:

ஓம் தம்பி, 61 கொண்டினென்டல்தான், சின்சினாட்டியில ஒரு கம்பெனி வெட்டி நீட்டிக் குடுத்தது. உடைக்கல்ல. 63 நவம்பருக்குப் பிறகு மேல குண்டு துளைக்காத கூரை போட்டு, கவசம் அடிச்சி, பிறகு வந்த ஜனாதிபதிமாரும் அதிலதான் போனாங்க, 77 மட்டும் சேவையில இரிந்தது. நம்ப மாட்டீங்க, காசு அவ்வளவு இரிக்கிற நாடு. இப்ப டெட்ரோயிட் பக்கத்தில டியர்போர்ன் எண்ட இடத்தில ஹென்றி ஃபோர்ட் மியூசியத்தில நிக்கிது. கழுவாஞ்சிக்குடி மகள், டொரண்டோவில இருந்து கார்ல நாலு மணித்தியாலம் வரும், அடுத்தமுறை போனா பாத்துட்டு வந்து எழுதுங்க.

கழுவாஞ்சிக்குடி_மகள்:

சேர், நாலு மணித்தியாலந்தான், ஆனா இடையில போடர் இரிக்கி. கனடா விசாவே ரிஜெக்ட் பண்ணி ரிஜெக்ட் பண்ணித்தான் தந்தாங்க, அமெரிக்கா விசாவுக்கு கொழும்புக்குப் போய் வரிசையில நிண்டு, என்னத்துக்குப் போறீங்க எண்டு கேட்டா பழைய கார் ஒண்டு பாக்க எண்டு சொல்லவா? தங்கச்சிட மகன் சிட்டிசன், அவன அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்றன். வந்தா போடுறன் இஞ்ச.